பழுதான ஆன்போர்டு லேனும் மாற்று லேன் கார்டும்: ஓர் ஆய்வு

மேசைக் கணினியின் மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வருகிற வலையமைப்புப் பகுதியைப் பழுதுபார்ப்போர் ஆன்போர்டு லேன் என்று அழைக்கின்றனர். விரல்நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லும் அதையொட்டிய சில உறுப்புகளுமே அடங்கிய இப்பகுதி செயலிழந்துவிட்டால், செயலியும் நினைவகமும் வட்டும் குறையின்றி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே, அந்தக் கணினியால் இணையத்தையும் அலுவலகச் சேவையகத்தையும் பொது அச்சுப்பொறியையும் எட்ட முடியாமல் போகிறது. இந்நிலைக்கு மூன்று தீர்வுகள் வழக்கில் உள்ளன: மதர்போர்டையே மாற்றுதல், கெட்ட சில்லை மட்டும் பெயர்த்தெடுத்துப் புதியது வைத்தல், விரிவாக்க ஸ்லாட்டில் தனி லேன் கார்டு ஒன்றைச் செருகுதல். மேசைக் கணினியைப் பொறுத்தவரை இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் சிக்கனமானது, நம்பத்தக்கது. ஆயினும், பழுது அந்தச் சில்லில்தான் உள்ளது என்று உறுதிசெய்துகொண்டு, புதிய கார்டு கணினியின் வலையமைப்பு அடையாளத்தையும் சேர்த்தே மாற்றுகிறது என்பதற்கேற்ப அமைப்புகளைத் திருத்தினால்தான் அது முழுத் தீர்வாகும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

தனிக் கார்டு பலகைக்குள் புகுந்த வரலாறு

இன்று மாற்று வழியாகக் கருதப்படும் தனிக் கார்டே தொடக்கத்தில் ஒரே வழியாக இருந்தது. அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் இயங்கிய செராக்ஸ் ஆய்வு மையத்தில் 1973ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட், நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. 1980இல் டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அதை 10 மெகாபிட் வேகத்துக்கு வரையறுத்து வெளியிட்டன. 1983இல் மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ அதை 802.3 என்ற எண்ணுடைய தரநிலையாக ஏற்றது. மெட்காஃப் 1979இல் தொடங்கிய த்ரீகாம் நிறுவனம் 1982இல் ஐபிஎம் பிசிக்கான ஈதர்லிங்க் கார்டைக் கொண்டுவந்ததிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வலையமைப்பு வேண்டுவோர் கார்டை வாங்கிப் பொருத்திக்கொள்வதே நடைமுறையாக இருந்தது. முதலில் ஐஎஸ்ஏ ஸ்லாட்டிலும், பின்னர் 1992இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ ஸ்லாட்டிலும் இக்கார்டுகள் அமர்ந்தன. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8139 சில்லைக் கொண்ட மலிவான 100 மெகாபிட் கார்டுகள் உலகெங்கும் வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பரவின.

2000ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. சிப்செட் எனப்படும் துணைச் சில்லுத் தொகுதிக்குள்ளேயே வலையமைப்புக் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சேர்க்க இன்டெல் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. சில ஆண்டுகளில் ஆன்போர்டு லேன் இல்லாத மதர்போர்டைக் காண்பதே அரிதாயிற்று. வாங்குவோருக்குச் செலவு குறைந்தது. ஒரு ஸ்லாட்டும் மிச்சமாயிற்று. அதற்கு ஈடாக, முன்பு ஒரு திருகைக் கழற்றி மாற்றக்கூடியதாயிருந்த உறுப்பு, பலகையோடு ஈயப்பற்றால் ஒட்டிய உறுப்பாகிவிட்டது.

உள்ளே இருப்பவை

ஆன்போர்டு லேன் ஒரே உறுப்புப் போலத் தோன்றினாலும் அதில் நான்கு அடுக்குகள் உண்டு. தரவைச் சட்டகங்களாகப் பிரித்து முகவரியிட்டு அனுப்பும் கட்டுப்பாட்டுப் பகுதி மேக் எனப்படுகிறது. அச்சட்டகங்களைக் கம்பியில் செல்லும் மின்குறிகளாக மாற்றுவதும், வரும் குறிகளைத் திரும்பப் படிப்பதும் ஃபை எனப்படும் பகுதியின் வேலை. ஃபைக்கும் வெளிக் கம்பிக்கும் இடையில் நேரடி மின்தொடர்பு இல்லாதபடி சிறு மின்மாற்றிகள் நிற்கின்றன. இவை தனிப் பெட்டியாகவோ, ஆர்ஜே45 எனப்படும் இணைப்புக் குழிக்குள்ளேயே பொதிந்தோ இருக்கும். நான்காவது, மேக் முகவரியையும் தொடக்க அமைப்புகளையும் மின்சாரம் இல்லாதபோதும் காத்துவைக்கும் சிறு நினைவகம்.

இந்த அடுக்குகள் எல்லா மதர்போர்டுகளிலும் ஒரே விதமாகப் பகிரப்படுவதில்லை. இன்டெல் ஐ219 வகையில் மேக் சிப்செட்டுக்குள் இருக்க, ஃபை மட்டுமே பலகையில் தனிச் சில்லாக அமைகிறது. ரியல்டெக் ஆர்டிஎல் 8111 வகையிலோ மேக், ஃபை இரண்டும் ஒரே சில்லில் அடங்கி, அச்சில்லு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகவே செயலியுடன் பேசுகிறது. ஸ்லாட்டில் செருகும் கார்டிலும் பெரும்பாலும் இதே சில்லு இதே பாதையில்தான் அமர்ந்திருக்கும். ஆகவே இத்தகைய கணினியில் ஆன்போர்டு லேனுக்கும் கார்டுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும் இடத்தைப் பொறுத்ததே அன்றித் தரத்தைப் பொறுத்ததன்று. கார்டு போட்டால் இணையம் மெதுவாகும் என்று பரவலாக நிலவும் ஐயத்துக்கு அடிப்படை இல்லை.

பழுதின் காரணங்கள்

மிகுதியாகக் காணப்படும் காரணம் மின்னல். இடி நேரடியாக விழாமல் அருகில் எங்கோ விழுந்தாலும், வெளியில் நீளும் செம்புக் கம்பியில் திடீர் மின்னெழுச்சி தூண்டப்பட்டு, மோடம் அல்லது சுவிட்ச் வழியாகக் கணினியின் லேன் குழியை அடைகிறது. தரநிலை, மேற்சொன்ன சிறு மின்மாற்றிகள் 1500 வோல்ட் மாறுமின் அழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. மின்னல் தூண்டும் எழுச்சி அந்த எல்லையை எளிதில் கடக்கக்கூடியது. தமிழ்நாட்டில் கோடைமழையிலும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலும் இடி மிகுந்திருக்கும் நாட்களில், மொட்டைமாடிகளின் மேலாக வீட்டுக்கு வீடு செம்புக் கேபிள் இழுக்கப்பட்ட தெருக்களில் இவ்வகைப் பழுதுக்கு வாய்ப்பு அதிகம். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஃபைபர் இணைப்பு இந்த வழியை அடைக்கிறது. ஆயினும் ஃபைபர் பெட்டியின் மின்னிணைப்பு வழியாக வரும் எழுச்சி, அதிலிருந்து கணினிக்குச் செல்லும் செம்புக் கேபிளில் இறங்கும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது வகை இயந்திரச் சிதைவு. கேபிளைப் பிடித்து இழுப்பதால் குழியின் எட்டு ஊசிகளில் ஒன்று வளைவதும், குழி பலகையில் ஒட்டியுள்ள பற்று விரிசல் காண்பதும், கடலோர ஊர்களில் உப்பீரத்தால் ஊசிகள் களிம்பேறுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது வகை மென்பொருளாலும் வடிவமைப்பாலும் நேர்வது. இதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் உண்டு. 2008இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு வெளியீட்டுக்கு முன் சோதனையில் இருந்தபோது, இன்டெல் கிகாபிட் லேன் கொண்ட கணினிகள் சிலவற்றில் மேற்சொன்ன சிறு நினைவகத்தின் உள்ளடக்கம் அழிந்து லேன் பயனற்றுப் போயிற்று. பழி முதலில் இ1000இ என்ற டிரைவர் மென்பொருள்மீது விழுந்தது. ஆய்ந்தபோது, கெர்னலின் செயல்பாடுகளைத் தடமறியும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதி தவறான இடத்தில் எழுதியதே காரணம் எனத் தெரிந்தது. 2020இல் வெளிச்சத்துக்கு வந்த மற்றொரு நிகழ்வு 2.5 கிகாபிட் வேகமுடைய இன்டெல் ஐ225 சில்லின் தொடக்கப் பதிப்பைப் பற்றியது. அடுத்தடுத்த தரவுப் பொதிகளுக்கு நடுவே தரநிலை வேண்டும் இடைவெளியை அது சரியாகக் காக்காததால், சில சுவிட்சுகளுடன் இணைந்தபோது பொதிகள் தவறிப்போயின. வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைப்பது இடைக்கால வழியாகப் பரிந்துரைக்கப்பட்டது. சில்லின் பிந்தைய பதிப்பில்தான் குறை நீங்கியது. சில்லு எரிந்துபோகாமலேயே லேன் பழுதாவதுண்டு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

பழுது எங்கே என்று காணுதல்

கார்டை வாங்கிப் பொருத்திய பிறகு குறை கேபிளில் இருந்தது என்று தெரியவருவது பழுதுபார்ப்புக் கடைகளில் அரிதன்று. ஆகவே சோதனை வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும். அதே கேபிளை வேறொரு கணினியில் செருகிப் பார்ப்பதும், சுவிட்சின் வேறொரு குழிக்கு மாற்றிப் பார்ப்பதும் முதற்படி. இணைப்பு கிடைத்தும் வேகம் 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டிலேயே நின்றால், சில்லைவிடக் கேபிளையே முதலில் ஐயுற வேண்டும். ஏனெனில் 100 மெகாபிட் முறைக்கு 1, 2, 3, 6 ஆகிய ஊசிகளில் செல்லும் இரண்டு இணைக்கம்பிகளே போதும்; கிகாபிட் முறைக்கு நான்கு இணைகளும் தேவை. 4, 5, 7, 8 ஆகிய ஊசிகளுக்கு உரிய கம்பி ஒன்று அறுந்திருந்தால், பெரும்பாலும் இரு முனைகளும் குறைந்த வேகத்துக்கு இறங்கி, குறையை வெளிக்காட்டாமலே வேலை செய்துகொண்டிருக்கும்.

அடுத்தது இயங்குதளம் சொல்வதைச் சரியாகப் படித்தல். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், கம்பி இணைப்பு உயிரோடு இருக்கிறது, முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையிடமிருந்துதான் பதில் வரவில்லை என்று பொருள். குறை ரவுட்டரிலேயே இருக்கலாம். 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் அனுப்பிப் பதில் வந்ததால் லேன் நலமாக உள்ளது என முடிவுசெய்வதும் பிழையே. அச்செய்தி இயங்குதளத்துக்குள்ளேயே சுற்றித் திரும்புவதால் சில்லைத் தொடுவதே இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் லேன் காணப்பட்டு 10 என்ற பிழை எண்ணைக் காட்டினால், சாதனம் தொடங்கப்படவில்லை என்பது பொருள்; இது டிரைவர் குறையாகவும் இருக்கலாம், சில்லின் குறையாகவும் இருக்கலாம். பட்டியலிலேயே லேன் இல்லை என்றால், பயாஸ் அமைப்பில் ஆன்போர்டு லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பலரும் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. கணினியை அணைத்த பிறகும் பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வலையமைப்பு வழியாகக் கணினியை எழுப்பும் வசதிக்காக லேன் சில்லு அதில் விழித்திருக்கிறது. இதனால் சில்லு தவறான நிலையில் சிக்கிக்கொண்டால், எத்தனை முறை கணினியை மறுபடி தொடங்கினாலும் அது தெளிவதில்லை. மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைக்கும்போது செத்ததாகக் கருதப்பட்ட லேன் உயிர்பெறுவதுண்டு. அப்படியும் பயனில்லையென்றால், பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸைத் தொடங்கிப் பார்ப்பது இறுதிச் சோதனை. அங்கு லேன் இயங்கினால் குறை விண்டோஸின் டிரைவரிலோ அமைப்புகளிலோ உள்ளது. எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் பட்டியலில் சில்லின் பெயரே இல்லையென்றால், பயாஸில் அது இயக்கத்தில்தான் உள்ளது என்று ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட நிலையில், குறை வன்பொருளில் என்று துணியலாம்.

கார்டைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வைத் தீர்மானிப்பது ஸ்லாட். பழைய கணினிகளில் உள்ள பிசிஐ பாதை நொடிக்கு 133 மெகாபைட் கடத்தக்கூடியது. அதையும் அப்பாதையில் உள்ள எல்லாக் கார்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. கிகாபிட் லேனுக்கு ஒரு திசையில் மட்டுமே 125 மெகாபைட் வேண்டியிருப்பதால், பிசிஐ கிகாபிட் கார்டு முழு வேகத்தை எட்டாது; ஆயினும் வழக்கமான வீட்டு இணைய இணைப்புக்கு அது போதும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் முதல் தலைமுறையிலேயே ஒரு தடத்துக்கு ஒவ்வொரு திசையிலும் 250 மெகாபைட் கிடைப்பதால், எக்ஸ்1 எனப்படும் மிகச் சிறிய ஸ்லாட்டே கிகாபிட்டுக்குத் தாராளம். 2.5 கிகாபிட் கார்டுக்கு ஏறத்தாழ 312 மெகாபைட் தேவை. ஆகவே இரண்டாம் தலைமுறை ஸ்லாட் வேண்டும். எக்ஸ்1 கார்டை எக்ஸ்4, எக்ஸ்16 போன்ற நீண்ட ஸ்லாட்டுகளிலும் செருகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. தடித்த கிராபிக்ஸ் கார்டு சிறு ஸ்லாட்டை மறைத்திருக்கும் கணினிகளில் இவ்வறிவு பயன்படும்.

உடற்கூட்டின் அளவும் முக்கியம். அலுவலகங்களில் காணப்படும் ஒல்லியான பெட்டிகளில், 12 சென்டிமீட்டர் உயரமுள்ள வழக்கமான உலோகப் பட்டை நுழையாது. ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரமுள்ள குட்டைப் பட்டை கார்டுடன் வருகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். சில்லைப் பொறுத்தவரை, ரியல்டெக் ஆர்டிஎல் 8111 வகையும் இன்டெல் 82574எல், ஐ210 வகைகளும் விண்டோஸிலும் லினக்ஸிலும் நெடுநாள் பழகியவை. இன்டெல் பெயரில் போலிக் கார்டுகள், குறிப்பாகச் சேவையகங்களுக்கான நான்கு குழிக் கார்டுகள், சந்தையில் உலவுவதால், வழக்கத்துக்கு மாறான மலிவு விலை எச்சரிக்கையாகவே கொள்ளத்தக்கது.

ஸ்லாட்டே இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பி லேன் இணைப்பி உதவுகிறது. யூஎஸ்பி 2.0 குழியின் வரம்பு 480 மெகாபிட் என்பதால் கிகாபிட் இணைப்பியை அதில் செருகினால் முழு வேகம் கிடைக்காது. 5 கிகாபிட் வரம்புடைய யூஎஸ்பி 3.0 குழியில் கிடைக்கும். தற்காலிகத் தேவைக்கும் சோதனைக்கும் இது சிறந்தது. இரவும் பகலும் இயங்கும் சேவையகத்துக்கோ, திருகால் இறுகி எளிதில் கழன்றுவிடாத கார்டே ஏற்றது. வைஃபை கார்டு கேபிள் தொல்லையை நீக்கினாலும், அலைவரிசையைப் பலருடன் பகிர்வதால் கம்பியின் சீரான தாமத அளவை அதனிடம் எதிர்பார்க்க இயலாது.

பொருத்துதலும் புதிய அடையாளமும்

பொருத்தும் வேலை எளிது. மின்கம்பியை நீக்கி, உடலில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கும்படி பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, ஸ்லாட்டுக்கு நேரான பின்தகட்டை எடுத்து, கார்டை நேராக அழுத்தித் திருகை முடுக்க வேண்டும். பின்னர் பயாஸில் ஆன்போர்டு லேனை அணைப்பது நல்லது. இல்லையென்றால் அரைகுறையாக உயிருள்ள பழைய லேன் தோன்றியும் மறைந்தும் இயங்குதளத்தைக் குழப்பும். டிரைவரை வேறொரு கணினியில் முன்கூட்டியே பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்வதும் தேவை. வலையமைப்பு இல்லாத கணினியால் அதைத் தானே தேடிக்கொள்ள முடியாது.

வேலை முடிந்த பிறகும் இணைப்பு கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அடையாளமே காரணம். ஒவ்வொரு லேனுக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. அதன் முதற்பாதி, ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கும் எண். புதிய கார்டு புதிய முகவரியோடு வருவதால், பழைய முகவரியை நம்பியிருந்த ஏற்பாடுகள் எல்லாம் அறுந்துபோகின்றன. ரவுட்டரில் குறிப்பிட்ட ஐபி முகவரி ஒதுக்கியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். மேக் முகவரியைப் பதிந்துவைத்து இணைப்பு வழங்கும் இணைய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மேக் முகவரியோடு பிணைக்கப்பட்ட மென்பொருள் உரிமங்களைப் புதுப்பிக்க வேண்டும்.

இயங்குதளத்துக்குள்ளும் இதே சிக்கல் தொடர்கிறது. விண்டோஸில் பழைய லேனுக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்திருந்து, அதையே புதிய கார்டுக்கும் கொடுக்க முயன்றால், அம்முகவரி வேறொரு லேனுக்கு ஏற்கெனவே தரப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கை வரும். அந்த வேறொரு லேன் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டும் தெரிவை இயக்கி, மங்கலாகத் தோன்றும் பழைய பெயரை நீக்கினால்தான் முகவரி விடுபடும். லினக்ஸில், 2013இல் வந்த சிஸ்டம்டி 197 பதிப்பு முதல் லேனின் பெயர் அது அமர்ந்துள்ள இடத்தைக் கொண்டே பெரும்பாலும் அமைகிறது. ஆகவே லேன் பலகையிலிருந்து ஸ்லாட்டுக்கு மாறியதும் பெயரும் மாறி, பழைய பெயரில் எழுதிய அமைப்புக் கோப்பு செயலற்றுப் போகிறது. கோப்பில் அந்த ஒரு பெயரைத் திருத்தினாலே போதும் என்ற நிலையில், கார்டும் கெட்டுவிட்டது என்று கருதித் திருப்பித் தருவது வீண் அலைச்சல்.

கார்டு தீர்க்காதவை

கார்டின் எல்லைகளும் தெளிவாக உணரப்பட வேண்டும். பயாஸில் அணைத்தாலும் பழைய சில்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். சில நிமிடம் இயங்கிய கணினியை அணைத்து மின்கம்பியையும் நீக்கிவிட்டுத் தொட்டுப் பார்க்கையில் அச்சில்லு கடுமையாகச் சுட்டால், உள்ளே குறுக்குமின்சுற்று ஏற்பட்டிருக்கக்கூடும்; அதைப் பெயர்த்தெடுக்காமல் கார்டு மட்டும் போடுவது பலகையின் பிற பகுதிகளுக்கு ஆபத்து. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சிப் லெவல் சர்வீஸ் செய்வோர் வெப்பக்காற்றுக் கருவியால் செய்யும் வேலை இங்கேதான் உண்மையில் தேவைப்படுகிறது. மின்னலில் லேன் கெட்ட பலகையில் யூஎஸ்பி குழிகளும் ஒலிப்பகுதியும் பாதிப்படைந்திருக்கலாம் என்பதால், கார்டு பொருத்தும்போதே அவற்றையும் சோதிக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு வேறு இரு இழப்புகள் உண்டு. வட்டு இல்லாமல் வலையமைப்பிலிருந்தே தொடங்கும் பிஎக்ஸ்இ முறையைப் பின்பற்றும் கணினிக் கூடங்களில், தொடக்க நிரல் இல்லாத மலிவான கார்டால் கணினி எழவே எழாது. அணைந்திருக்கும் கணினியையும் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் இன்டெல் ஏஎம்டி (ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி) வசதி பெரும்பாலும் இன்டெல்லின் ஆன்போர்டு லேன் வழியாகவே இயங்குவதால், சாதாரண மாற்றுக் கார்டில் அது கிடைக்காது. இவை இன்றியமையாத இடங்களில் மதர்போர்டு மாற்றமே சரியான தீர்வாக அமையலாம்.

முடிபு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், மதர்போர்டு மாற்றம் கடைசிப் படியாகவே நிற்க வேண்டும் என்பது தெளிவாகிறது. உலக மின்கழிவு நிலை பற்றி ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு உருவாயிற்று. அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. ஒரு சிறு சில்லின் பழுதுக்காக, நன்றாக இயங்கும் ஒரு முழுப் பலகையை அந்தக் குவியலில் சேர்ப்பதற்குப் பொருளியல் நியாயமும் இல்லை, சூழலியல் நியாயமும் இல்லை.

கேபிளையும் ரவுட்டரையும் டிரைவரையும் முறையாகச் சோதித்து விலக்குதல், ஸ்லாட்டுக்கும் பெட்டிக்கும் பொருந்தும் கார்டைத் தேர்தல், பழைய லேனை அணைத்தல், புதிய மேக் முகவரியை வேண்டிய இடங்களிலெல்லாம் பதிவுசெய்தல் என்ற நான்கையும் இவ்வரிசையில் செய்தால், அந்தக் கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பள்ளிகளும் அலுவலகங்களும் புதிய கணினிகளை வாங்கும்போது செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் கேட்பதுபோல, காலியான விரிவாக்க ஸ்லாட் ஒன்றேனும் உண்டா என்பதையும் ஒப்பந்தப் புள்ளியிலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அந்த ஸ்லாட் இருந்தால் எதிர்காலத்தில் லேன் கெட்டாலும் செலவு ஒரு கார்டின் விலையோடு நிற்கும். இல்லையென்றால் யூஎஸ்பி இணைப்பியைத் தவிர, மேலும் செலவு பிடிக்கிற வழிகளே மிஞ்சும்.